‘இந்தத் துறைக்கு நான் பொருத்தமா, மிஸ்?’

கேள்வி:

மிஸ், எனக்கு 24 வயது. சொந்த ஊர் சம்பூர். தேசிய கல்வியியற் கல்லூரியில் உடற்கல்வி படித்துவிட்டு, இப்போது திருகோணமலைப் பக்கம் ஒரு பாடசாலையில் பயிற்சி ஆசிரியராகக் கட்டுறு பயில்வில் இருக்கிறேன். என்னோடு படித்தவர்களில் பெரும்பாலானோர் மாகாணம், அகில இலங்கை என்று ஓடியும் பாய்ந்தும் பதக்கம் எடுத்தவர்கள். என்னிடம் இருப்பது எல்லே (கம்பால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற நம் நாட்டு விளையாட்டு) அணியோடு மாகாணம் வரை போன ஒரு சான்றிதழ்தான். 2006இல் யுத்தத்தால் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஐந்து வயது. கிளிவெட்டி முகாமில் பேணிப்பந்து விளையாடியதைத் தவிர வேறு விளையாட்டே தெரியாமல் வளர்ந்தேன். செய்முறைக்கு என்னை முன்னுக்குக் கூப்பிட்டால் கை கால் விறைத்துப்போகும்.

வீட்டில் மாமா, “விசில் ஊதுகிற வேலைக்கா இவ்வளவு படித்தாய்?” என்று கேட்கிறார். பேசி வந்த சம்பந்தம் ஒன்றும், பிள்ளை வெயிலில் கறுத்துப்போய்விட்டாள், மைதானத்தில் நிற்கிறவள் என்று தட்டிப்போனது.

பாடசாலையில் தரம் 9 பெண் பிள்ளைகளில் ஒன்பது பேர் என் பாடவேளையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மூத்த ஆசிரியர் ஒருவர், “இழுத்துக்கொண்டு வந்து ஓட விடு. இல்லாவிட்டால் விட்டுவிடு, அது அவர்களுடைய கலாசாரம்” என்கிறார். நான் என்னை மாற்றிக்கொள்ள வேண்டுமா, பிள்ளைகளை மாற்ற வேண்டுமா?

— பெயர் வேண்டாம், சம்பூர்

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரிய ஆலோசகர்

அன்பு மகளுக்கு,

நீங்கள் இந்தத் துறைக்குப் பொருத்தமானவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமாவின் பேச்சு, மரத்தடிப் பிள்ளைகள், விறைத்துப்போகும் கை கால் என்று நீங்கள் எழுதிய எல்லாவற்றுக்கும் அடியில் இந்த ஒரு கேள்விதான் கிடக்கிறது.

கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன இடம் ஒன்று இருக்கிறது: ‘பேணிப்பந்து விளையாடியதைத் தவிர’. அந்த விளையாட்டை ஒருக்கால் பாடக்குறிப்பு எழுதுகிற கண்ணோடு பாருங்கள். வெற்றுப் பால்மாப் பேணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைப்போம். ஒருவர் தூரத்துக் கோட்டில் நின்று பந்தால் அடித்துச் சரிப்பார். சரிந்ததும் அவருடைய அணி நாலா பக்கமும் சிதறும். மற்ற அணி பந்தைப் பொறுக்கிக் கைமாற்றி, ஓடுகிறவரின் முதுகைப் பார்த்து எறியும். அடி வாங்காமல் திரும்பி வந்து பேணிகளை மறுபடியும் அடுக்கி முடித்தால் வெற்றி. இலக்குப் பார்த்து எறிவது இதில் இருக்கிறது. ஓடும்போதே நின்று திசை மாறுவது இருக்கிறது. குனிந்து அடுக்குகிற நேரத்தில் பந்து எந்தப் பக்கத்தால் வருகிறது என்று முதுகுப்பக்கம் காது வைத்திருக்க வேண்டும். நான் அடுக்குவதா, அல்லது தோழி அடுக்கி முடிக்கும் வரை பந்தை என் பக்கம் இழுப்பதா என்று கண் மூடித் திறப்பதற்குள் முடிவெடுக்க வேண்டும். நீங்கள் இதையெல்லாம் கூடாரக் கயிறு காலில் தடுக்காமல் செய்து பழகியவர். எல்லேயிலும் ஓடுகிறவரைப் பந்தால் அடித்து ஆட்டமிழக்கச் செய்கிறோம் அல்லவா? உங்களை மாகாணம் வரை கொண்டுபோன தோளும் கண்ணும் முகாமில் பழகியவை.

கல்லூரியில் யாரும் இதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. ‘விளையாட்டுக்காரர்’ என்று சொன்னதும் நம்முடைய பாடசாலைகளில் மனதில் எழுவது ஒரே ஒரு படம்: சுண்ணாம்புக் கோடு போட்ட ஓடுபாதை, ஆணிச் சப்பாத்து, வெற்றி மேடை. நான்கு இல்லங்கள், இல்லச் சோடனை, அணிநடை, உடற்பயிற்சிக் கண்காட்சி என்ற இந்த ஒழுங்கு ஆங்கிலேயர் காலப் பாடசாலைகளில் இருந்து நமக்கு வந்தது. நல்ல ஒழுங்குதான். இல்ல மெய்வல்லுநர் போட்டி நாளில் இன்றைக்கும் எனக்கு மனம் நிறையும். ஆனாலும் அதுவும் ஒரு கலாசாரம்தான். மரத்தடியில் இருக்கிற பிள்ளைகளிடம் மட்டும் கலாசாரம் இருக்கிறது, மைதானத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது என்று நினைக்கும்போதுதான் நம் துறை தடுமாறுகிறது. மைதானத்துக்கென்றே ஓர் உடை இருக்கிறது, ஒரு குரல் இருக்கிறது, எந்த உடம்பை மெச்சுவது என்ற தீர்ப்பும் இருக்கிறது. அதற்குள்ளேயே வளர்ந்தவருக்கு அது கண்ணில் படாது. வெளியில் இருந்து வந்த உங்களுக்குப் படுகிறது.

ஆசிரியராக வருகிறவர்கள் பயிற்சிக்கு வருமுன்பே, பள்ளிக்கூடத்தில் வருடக்கணக்காகத் தம் ஆசிரியர்களைப் பார்த்துப் பார்த்துத் தொழிலைப் பாதி பழகிவிடுகிறார்கள் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இல் எழுதினார். உடற்கல்வி படிக்க வருகிறவர்களுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று ஹால் லோசன் 1983இல் ஆராய்ந்தார். அவருடைய வாதம் சுருக்கமாக இதுதான்: சின்ன வயதில் விளையாட்டில் கிடைத்த அனுபவத்தையும் அன்றைக்குப் பார்த்த பி.டி. சேரையும் மனதில் சுமந்துகொண்டே இவர்கள் கல்லூரிக்குள் வருகிறார்கள். கல்லூரி கற்பிப்பதை அந்தச் சுமைக்குள் சல்லடை போட்டுத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் வகுப்புத் தோழர்களுக்கு மைதானம் சின்னதில் இருந்தே கைதட்டிய இடம். ஆகவே மரத்தடியில் உட்காருகிற பிள்ளை அவர்களுக்குச் சோம்பேறியாகத் தெரிவது இயல்பு. அணிக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியாக நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தரம் 9இல் அப்படி நிற்கிறவர்கள்தான் அதிகம்.

பதக்கக்காரர்களுக்கும் ஒரு பாரம் இருக்கிறது. தன்னை எவ்வளவு தூரம் விளையாட்டு வீரராக மட்டுமே ஒருவர் பார்க்கிறார் என்பதை அளப்பதற்கு பிரிட்டன் பிரூவர் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1993இல் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். அதில் உயரத்தில் நிற்பவர்களுக்குப் பயிற்சியில் ஊக்கம் இருக்கும். ஆனால் முழங்கால் பிசகினாலோ, அணியில் இடம் போனாலோ, தாங்கள் யார் என்ற பிடியே நழுவுகிற ஆபத்தும் அவர்களுக்கு அதிகம். உங்கள் நண்பர்களில் யாராவது காயத்தோடு ஒதுங்கி இருந்தால் போய்க் கதையுங்கள். அவர்களுக்கு உங்கள் பேச்சு இப்போது தேவைப்படும்.

சரி, அந்த விறைப்புக்கு வருவோம். 1999இல் ஜெஃப் ஸ்டோனும் கூட்டாளிகளும் அமெரிக்க மாணவர்களைக் கொல்ஃப் பந்தைக் குழியில் தட்டிவிடச் செய்து பார்த்தார்கள். ‘இது பிறவியிலேயே அமைந்த உடல்திறனைப் பார்க்கும் சோதனை’ என்று சொன்னபோது வெள்ளை மாணவர்கள் பின்தங்கினார்கள். அதே ஆட்டத்தை ‘விளையாட்டு அறிவைப் பார்க்கும் சோதனை’ என்று சொன்னபோது கறுப்பின மாணவர்கள் பின்தங்கினார்கள். ஆட்டம் ஒன்றுதான். தம் இனத்தைப் பற்றி ஊர் சொல்கிற குறை உண்மையாகிவிடுமோ என்ற பயம் யாருக்கு எழுகிறதோ, அவருக்குக் கை பிசகியது. ‘முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைப்பார்களோ’ என்ற எண்ணம் உங்களுக்கு வருகிற அந்த நேரத்தில், தானாக ஓட வேண்டிய அசைவை நீங்கள் கண்காணிக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். அதனால்தான் விறைக்கிறது. திறமைக் குறைவு என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதற்குக் கைமருந்து உண்டு. செய்துகாட்டும்போது முழங்கை எங்கே, கால் எங்கே என்று நினைக்காதீர்கள். பந்து போய் விழ வேண்டிய இடத்தை மட்டும் பாருங்கள். கவனம் உடம்புக்குள் இல்லாமல் வெளியே ஒரு புள்ளியில் இருந்தால் அசைவு சீராக வரும் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். இன்னொன்று: எல்லாவற்றையும் ஆசிரியர்தான் செய்துகாட்ட வேண்டும் என்று சட்டம் இல்லை. உயரம் பாய்தலை வகுப்பில் நன்றாகப் பாய்கிற பிள்ளையைக் கொண்டு பாய வைத்துவிட்டு, கடைசி மூன்று அடிகளை நீங்கள் விளக்குங்கள். பிள்ளைகள் அதைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். மேற்பார்வைக்கு வருகிறவர்களும் அப்படியே.

வீட்டு விஷயம். அந்தச் சம்பந்தம் தட்டிப்போனதற்கு நான் துக்கம் விசாரிக்கப் போவதில்லை. ஆனால் அம்மாவின் மனம் நொந்திருக்கும், அதை லேசாக எடுக்காதீர்கள். மாமாவோடு வாதாடுவதை விட, உங்கள் வேலை என்ன என்பதை ஒருநாள் ஆறுதலாக இருந்து சொல்லுங்கள். ஆஸ்துமா இருக்கிற பிள்ளையை எப்படி ஓட வைப்பது, விழுந்த பிள்ளையின் கையை எப்படித் தாங்குவது, வளர்கிற வயதில் எலும்புக்கும் மனதுக்கும் என்ன தேவை என்று படித்தவர் நீங்கள். நாளைக்கு இலங்கை ஆசிரியர் சேவையில் கணித ஆசிரியருக்குப் பக்கத்தில் அதே நியமனத்தோடு நிற்கப்போகிறவர். வெயிலுக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். அது நிறத்துக்காக அல்ல, திருகோணமலை வெயில் யாரையும் வாட்டும்.

தர்ஜினி சிவலிங்கத்தின் கதையை உங்கள் அம்மாவுக்குச் சொல்லலாம். யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து ஆறடி பத்தங்குலம் வளர்ந்த பெண். ‘இந்த உயரத்துக்கு மாப்பிள்ளைக்கு எங்கே போவது’ என்றுதானே நம் ஊர் பெருமூச்சு விடும்? அதே உயரம் வலைப்பந்துத் திடலில் நின்றபோது 2009, 2018, 2022 என்று மூன்று தடவை ஆசியக் கிண்ணம் இலங்கைக்கு வந்தது. அவருக்கு முன்னால் எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோவில் உயரம் பாய்ந்து ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கத்தை எடுத்தார். அவரும் பாய்ச்சலோடு நின்றுவிடவில்லை. கலாநிதிப் பட்டம் வரை படித்தார்.

இனி அந்த ஒன்பது பேர். எனக்கு மிகவும் அக்கறையான இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

‘இழுத்துக்கொண்டு வா’ என்பதும் ‘விட்டுவிடு, அது அவர்களுடைய கலாசாரம்’ என்பதும் எதிரெதிர் யோசனைகள் போலத் தெரியும். எனக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒன்பது பேரும் ஒரே மரத்தடியில் இருப்பதால் காரணமும் ஒன்றாக இருக்கும் என்று எடுக்காதீர்கள். ஒவ்வொருவராக, மற்றவர் காதில் விழாமல், கதைத்துப் பாருங்கள். மைதானத்தில் வைத்துக் கேட்டால் “தலையிடி மிஸ்” என்றுதான் பதில் வரும். அணி உடுப்பு எண்ணுவதற்கு, பந்துக்குக் காற்று அடிப்பதற்கு என்று ஒருவரைக் களஞ்சிய அறைக்குக் கூப்பிட்டு, கை வேலையோடு கேளுங்கள். வாய் தானாகத் திறக்கும்.

என்னென்ன வரும் என்று ஓரளவு சொல்ல முடியும். ஒரு பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள். அவளை ஓட விடாதீர்கள், முதலில் வகுப்பாசிரியரிடம் சொல்லி அதற்கு வழி பாருங்கள். ஒருத்திக்கு மாதவிடாய் நாள். கழிப்பறையில் தண்ணீர் இல்லை, மாற்றுவதற்கு ஒன்றும் கையில் இல்லை. அந்த நாட்களில் விளையாடினால் கெடுதல் இல்லை, மெல்லிய உடற்பயிற்சி பலருக்கு வலியைக் குறைக்கும் என்று பாடத்தில் சொல்வது லேசு. வாளி, தண்ணீர், நாப்கின் மூன்றும் இல்லாத இடத்தில் அந்தப் பாடம் பிள்ளைக்கு உதவாது. அதிபரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் விளையாட்டு உபகரணம் அவைதான். வலி கடுமையாக இருக்கிற பிள்ளையைத் தாயோடு வைத்தியரிடம் அனுப்புங்கள்.

இன்னொருத்தி போன வருடம்தான் பெரியபிள்ளை ஆகியிருப்பாள். நம் வீடுகளில் இது பெரிய எல்லைக்கோடு, உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்கு முந்தின கிழமை வரை ஒழுங்கையில் கிளித்தட்டு மறித்தவள். தண்ணி வார்த்து, சாமத்திய வீடு முடிந்து, படமும் எடுத்தபின் அவளிடம் ‘இனி ஓடாதே, குதிக்காதே, பார்த்து நட’ என்கிறார்கள். அன்போடு சொல்கிறார்கள், கேடு நினைத்து அல்ல. ஆனால் பிள்ளை அன்றில் இருந்து தன் உடம்பை உள்ளிருந்து பாவிப்பதை விட்டுவிட்டு, வெளியில் நின்று மற்றவர் கண்ணால் பார்க்கத் தொடங்குகிறாள். பெண் பிள்ளைகள் எறியும்போது முழு உடம்பையும் தூக்கிப் போடாமல் கையை மட்டும் அசைப்பது ஏன் என்று ஐரிஸ் மரியன் யங் என்ற தத்துவவாதி 1980இல் விரிவாக எழுதினார். உடம்பின் அமைப்பை அவர் காரணமாகச் சொல்லவில்லை. பார்க்கப்படுகிற பொருளாகத் தன் உடம்பைக் காத்துக்கொள்ளப் பழகிய ஒருத்தி சுற்றியுள்ள இடத்தைத் தனதாக எடுக்கத் தயங்குகிறாள் என்றார்.

இதை உங்கள் மைதானத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். பந்தெறிகிற பாடத்தில் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து எறிகிற பிள்ளைகளைக் கவனியுங்கள். தோளில் பலம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். கையைத் தலைக்கு மேலே கொண்டுபோனால் சட்டை மேலே ஏறி இடுப்புத் தெரியும், அங்கே தரம் 11 பையன்கள் நிற்கிறார்கள். அவள் மற்றக் கையால் சட்டை விளிம்பைப் பிடித்திருக்கிறாளா என்று பாருங்கள். தொடை வரை வருகிற நீளமான ரீ-சேர்ட்டும் ட்ராக் பொட்டமும் கொடுத்து, பையன்களை வேறு பக்கம் அனுப்பிவிட்டு மறுபடியும் எறியச் சொல்லுங்கள். ஒரே பாடவேளையில் முழங்கை விலாவை விட்டுக் கழன்று வரும்.

முஸ்லிம் பிள்ளைகளுக்கும் பாதிச் சிக்கல் இதுதான்: உடையும் பார்வையும். தலையை மூடிக்கொண்டு விளையாட முடியாது என்று யாராவது சொன்னால், உலக உதைபந்தாட்டத்தில் 2014இலும் கூடைப்பந்தாட்டத்தில் 2017இலும் அந்தத் தடை நீங்கிவிட்டது என்று சொல்லுங்கள். ஊசி குத்திய முக்காடு மட்டும் வேண்டாம், கழுத்துக்கு ஆபத்து. ஊசி இல்லாமல் தலையோடு ஒட்டி நிற்கிற, வியர்வை காய்கிற துணி நல்லது. ஊர்த் தையல்காரரே தைத்துத் தருவார். வலய மட்டப் போட்டிக்குப் போவதாக இருந்தால் உடை பற்றி அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டு வையுங்கள். போட்டி நாள் காலையில் திடலில் நின்று வாக்குவாதப்படுவது பிள்ளைக்குத்தான் அவமானம். நோன்பு மாதத்தில் செய்முறையைக் குறைத்து, விதிமுறை, நடுவர் வேலை, முதலுதவி என்று பாடத்தை மாற்றி அடுக்குங்கள். கந்தசஷ்டிக்கு விரதம் பிடிக்கிற தமிழ்ப் பிள்ளைக்கும் அதே சலுகை வேண்டும்.

ஆனால் ஒன்று. முஸ்லிம் பிள்ளை என்றால் திரை கட்டிய இடத்தில்தான் விளையாட விரும்புவாள், தமிழ்ப் பிள்ளை என்றால் வலைப்பந்து போதும் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. கிண்ணியாப் பிள்ளை ஒருத்தி எல்லோரும் பார்க்க 800 மீற்றர் ஓடி முதலாவதாக வர ஆசைப்படலாம். பக்கத்தில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைக்குப் பையன்கள் பார்த்தால் கால் எழாமல் இருக்கலாம். ஒரே பிள்ளை மார்க்கத்தில் பிடிப்புள்ளவளாக இருப்பாள், மூன்று தம்பிமாரைப் பார்க்கிற அக்காவாக இருப்பாள், நல்ல பந்துக்காப்பாளராகவும் இருப்பாள், கூடவே இளைப்பும் இருக்கும். எந்த நாளில் எது முன்னுக்கு நிற்கிறது என்று அவளிடம்தான் கேட்க வேண்டும். நம் மாவட்டத்தில் எந்த ஒரு சமூகமும் சனத்தொகையில் பாதியைத் தொடுவதில்லை. ஆகவே, ‘அவர்களுடைய கலாசாரம்’ என்று ஒதுக்கிப் பேசத் தொடங்கினால் இங்கே எந்த வகுப்பையும் நடத்த முடியாது.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை என்றும் எண்ண வேண்டாம். 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி உலகம் முழுவதிலும் பெண் பிள்ளைகளில் நூற்றுக்கு 85 பேரும், ஆண் பிள்ளைகளில் 78 பேரும் அந்த அளவை எட்டவில்லை. பையன்களின் கணக்கையும் பாருங்கள், நல்லாய் இல்லை. உதைபந்து ஆடத் தெரியாத, சத்தம் போடாத பையன் மரத்தடிக்கும் போக முடியாமல் மைதானத்து ஓரத்தில் நின்று பந்து தன் பக்கம் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருப்பான். அவன் பெயரையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த விளையாட்டோடு தொடங்குவது? நான் பேணிப்பந்தைத்தான் சொல்வேன். பேணிகளை அவர்களே வீட்டில் இருந்து கொண்டுவரட்டும். பழைய சொக்ஸில் துணி அடைத்துப் பந்து செய்யுங்கள், பட்டால் நோகாது. ஓடுபாதையில் நடுவே ஓடச் சொன்னால் ஒவ்வொருத்தியையும் எல்லோரும் பார்ப்பார்கள். பேணிப்பந்தில் ஒரே நேரத்தில் எல்லோரும் ஓடுவதால் யாரையும் யாரும் பார்க்க நேரமில்லை. வெட்கப்படுகிற பிள்ளைக்கு அது பெரிய மறைப்பு. விதிகளை நீங்கள் சொல்லாதீர்கள். கிண்ணியாவில் எப்படி, பாலையூற்றில் எப்படி, நிலாவெளியில் எப்படி என்று அவர்களிடம் கேட்டு, அவர்களே பேசி ஒரு விதிக்கு வரட்டும். இரண்டாம் கிழமை கிளித்தட்டு. உடம்பைச் சூடாக்கும் பயிற்சிக்குக் கம்பும் தாளமும் எடுக்கலாம். கிழக்கின் தமிழ் ஊர்களில் வசந்தன் ஆட்டம், முஸ்லிம் ஊர்களில் களிகம்பு. வழமையில் இரண்டையும் ஆண்கள்தான் ஆடினார்கள். அந்த அடிகளை வீட்டில் வாப்பப்பாவிடமோ தாத்தாவிடமோ கேட்டு வந்து பிள்ளைகள் வகுப்புக்குக் காட்டட்டும். கலாசார தினத்துக்கு ஒருநாள் மேடையேற்றிவிட்டு மூட்டை கட்டி வைக்கிற சோலியாக மட்டும் இதை ஆக்காதீர்கள். வழமையான பாடவேளையில், புள்ளி போடுகிற பாடமாக நடக்க வேண்டும். எறிதலும் ஏய்த்தோடுதலும் ஓரளவு வந்தபின் அதே பிள்ளைகளை எல்லேக்கும் வலைப்பந்துக்கும் கொண்டுபோவது கஷ்டமில்லை.

நீச்சலைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு மனம் இல்லை. மூன்று பக்கம் தண்ணீர் உள்ள நகரத்தில் பெண் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு நீந்தத் தெரியாது. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் ஆட்களை ஏற்றிக் கடக்கிற மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளைகள் மூழ்கியதை எந்தத் தாயும் மறந்திருக்க மாட்டார். போட்டிக்காக நீச்சல் என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்கிற அதே வீடு, உயிர் காக்கிற பழக்கம் என்று கேட்டால் யோசிக்கும். பெண் பயிற்றுநர், பெண்களுக்கு மட்டுமான நேரம், முழு உடம்பையும் மூடுகிற நீச்சல் உடை என்ற மூன்றையும் ஒழுங்கு செய்துகொண்டு பெற்றோரைக் கூப்பிடுங்கள். தகுதியுள்ள உயிர்காப்பாளர் இல்லாமல் கடலில் ஒரு பிள்ளையையும் இறக்க வேண்டாம், மாரிக் கடலில் நினைக்கவே வேண்டாம். இது ஒரு தவணையில் முடிகிற வேலை இல்லை. நியமனம் கிடைத்தபின் இரண்டு மூன்று பாடசாலை மிஸ்மாராகச் சேர்ந்து வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

மூத்த ஆசிரியரோடு மோதாதீர்கள். “சேர், நாலு கிழமைக்கு இந்த ஒன்பது பேரை என் பொறுப்பில் விடுங்கோ, பிறகு வந்து பாருங்கோ” என்று கேளுங்கள். மைதானத்தில் அவருக்கு இருக்கிற அனுபவம் உங்களுக்கும் வேண்டும். ஓடுபாதை அளக்கவும் அஞ்சல் ஓட்டத்துக்குக் கோல் மாற்றப் பழக்கவும் அவரிடம் போங்கள்.

பயில்வுக் கோப்பில் ஓர் அத்தியாயத்தை உங்களுக்காக எழுதுங்கள். ஐந்து வயதில் இருந்து உங்கள் உடம்பு எங்கெங்கே ஓடியது, எங்கே நிறுத்தப்பட்டது, யார் என்ன சொன்னபோது நின்றது என்று ஊர், வருடம், விளையாட்டுப் பெயரோடு எழுதுங்கள். சம்பூரை விட்டுப் போனது, கிளிவெட்டி, திரும்பி வந்தபின் முதல் முதல் எல்லேக் கம்பைப் பிடித்தது எல்லாம் அதில் வரட்டும். தோழர்களையும் எழுதச் சொல்லி மாற்றிப் படியுங்கள். பிள்ளைகளை மாற்றுவதா, என்னை மாற்றுவதா என்று கேட்டிருந்தீர்கள். அதை எழுதி முடித்தபின் எந்தெந்த வழக்கத்தை நீங்கள் மனமறிந்து வைத்துக்கொள்கிறீர்கள், எவை சும்மா ஒட்டிக்கொண்டு வந்தவை என்று உங்களுக்கே பிரிந்து தெரியும். பிள்ளைகளுக்கும் அந்தத் தெரிவைத்தான் கொடுக்க வேண்டும். மரத்தடிக்கும் மைதானத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வழிகளைத் திறந்து வையுங்கள், எதால் வருவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும். அதில் தாய்மாருக்கு ஒரு நிகழ்ச்சி சேர்க்கும்படி அதிபரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். கயிறிழுத்தல் வேண்டாம், விழுந்தால் கரைச்சல். பேணி அடித்தல் வைக்கலாம்; சேலையோடும் அபாயாவோடும் நின்று எறியலாம். காலை பத்து மணிக்கு முன்னம் போடுங்கள், வெயில் ஏறினால் அவர்கள் பந்தலை விட்டு வெளியே வர மாட்டார்கள். உங்கள் அம்மாவுக்கும் அழைப்பிதழ் அனுப்புங்கள். சம்பூரில் இருந்து மூதூர் வழியாக வருகிற முதல் பஸ்ஸில் ஏறினால் நேரத்துக்கு வந்துவிடலாம்.